வேகத்திற்கும் உரிய இடம் உண்டு

(சுனாபட்டித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயலும் இசையும் நாடகமும் முழங்கும் மேடையில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் புலவன் அல்லன். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி. 1991 முதல் 1997 வரை ஏழு ஆண்டுகள், ஓய்வு கிடைத்த வார இறுதிகளில் பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டியவன். பரிசுக் கோப்பைகளால் அலமாரியை நிரப்பியவனும் அல்லன். நான் பெற்ற மிக உயர்ந்த இடம் நான்காவது. ஆயினும், அந்த ஏழு ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் சில, நம் காலனியில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிற்கும் தேவையானவை என்று கருதுவதால் உங்கள் முன் நிற்கிறேன்.

திருக்குறளில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்குச் சொன்னவை அவை. ஆனால் வலியறிதலில் வள்ளுவர் எடுத்த உவமை வண்டியின் அச்சு. இடனறிதலில் எடுத்த உவமை தேர். வன்மையான சக்கரங்கள் பூண்ட நெடிய தேரும் கடலில் ஓடாது என்கிறார். வேகத்தை விரும்பும் இளைஞனுக்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. வண்டியின் வலியை அறிவதும், முடுக்கவும் அடக்கவும் உரிய காலத்தை அறிவதும் மட்டும் போதா. எந்த இடத்தில் ஓட்டுகிறோம் என்பதையும் அறிதல் வேண்டும்.

வேகப் போட்டி தமிழனுக்குப் புதியதன்று. கொங்கு நாட்டில் ரேக்ளா வண்டிகள் ஓடுகின்றன. ஏறு தழுவுவதற்கும் வாடிவாசல் என ஓர் இடம் வகுத்தார்கள் நம் முன்னோர். காளையைக் கடைத்தெருவில் அவிழ்த்துவிடவில்லை. மோட்டார் வாகனம் பிறந்த மேலைநாட்டிலும் இதே எண்ணம் தோன்றியது. 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸில் பந்தயத்திற்கென்றே ஒரு தடம் கட்டினார்கள். அதே ஆண்டில் மான் தீவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. அது ஊர்களின் ஊடே செல்லும் சாலையிலேயே இன்றளவும் நடைபெறுகிறது. வீட்டுச் சுவர்களும் விளக்குக் கம்பங்களும் சாலையோரத்தில் நிற்க, இதுவரை இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களின் உயிரை அந்தப் பாதை கொண்டிருக்கிறது. தடத்திற்கும் தெருவிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இந்த ஒரு சான்று போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பயனற்றுக் கிடந்த விமானத் திடல்கள் பந்தயக்காரர்களின் கைக்கு வந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அவ்வாறு 1948-இல் பந்தயத் தடமாயிற்று. நம் பம்பாயின் ஜுஹு திடலிலும் ஒரு காலத்தில் பந்தயங்கள் நடந்ததுண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைத்த ஓடுபாதை, 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் முயற்சியால் இந்தியாவெங்கும் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் அங்கு நடந்த பந்தயத்தைக் காண மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அக்கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர் இந்து சந்தோக். அவர் பேரன் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் கார் ஓட்டினார். அவருக்கும் முன்பே, 2005-இல் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் அதே கழகம் பந்தயத்திற்கென்றே ஒரு தடத்தைத் திறந்தது. சுற்று நீளம் 3.717 கிலோமீட்டர். பின்னர் 2003-இல் கோயம்புத்தூரில் இன்னொரு தடம் எழுந்தது. 1995-இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதன் பெயரை அது தாங்கி நிற்கிறது. இத்தடங்களில் பயின்ற சென்னை இளைஞர்களான ரஜினி கிருஷ்ணனும் ஜெகன் குமாரும் பலமுறை தேசிய வாகை சூடினார்கள். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட இத்துறையில் சென்னை அலிஷா அப்துல்லா துணிந்து நுழைந்து பெயர் பெற்றார்.

இனி, என்னைப் போன்ற எளியவனின் வார இறுதியைப் பற்றிச் சொல்கிறேன். என் வண்டி நூறு சி.சி. அளவுள்ள யமஹா. அது பூவிருந்தவல்லியில் என் தாய்மாமன் வீட்டுத் திண்ணையில் கிடக்கும். ஆண்டிற்கு மூன்று முறை, மிகைநேர வேலையில் சேர்த்த பணத்துடன் தாதரில் ரயிலேறுவேன். தோல் உடையும் தலைக்கவசமும் நிறைந்த என் பையைக் கண்டு, உடன் வருவோர் நாடகக்காரன் என்று எண்ணியதுண்டு!

சனிக்கிழமை காலையில் முதல் வேலை வண்டிச் சோதனை. முகப்பு விளக்கு, கண்ணாடி, நிறுத்தும் தாங்கி ஆகியவற்றைக் கழற்றியிருக்க வேண்டும். விழும்போது குத்துவன அவை. எண்ணெய்க் குழியின் திருகாணி தளர்ந்து கழன்றுவிடாதபடி கம்பியால் கட்டியிருக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் பின்னால் வருபவனை வீழ்த்தும். தலைக்கவசத்தின் வாரைச் சோதனை அதிகாரி தம் கையாலேயே இழுத்துப் பார்ப்பார். சோதனையில் தேறாத வண்டி எவருடையதாயினும் தடத்திற்குள் செல்லாது. அன்று பிற்பகலில் தகுதிச் சுற்று. அதில் எடுத்த நேரத்தைக் கொண்டே மறுநாள் யார் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவாகும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். நான் ஓட்டிய பிரிவில் அது கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அந்தக் கால் மணிக்காக மூன்று மாத உழைப்பு!

பந்தயம் என்றால் முறுக்கிப் பிடித்து ஓடுவது என்றே பலர் எண்ணுகின்றனர். நேர்ப்பாதையில் முறுக்குவது எவர்க்கும் எளிது. பந்தயத்தின் நுட்பம் வளைவில் இருக்கிறது. வெளி ஓரத்திலிருந்து வளைவினுள் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்திற்கு வருதல் வேண்டும். அப்போது வளைவின் குறுக்கம் குறைந்து வேகம் காக்கப்படும். பிரேக் பிடித்து முடிக்கும் வேலையை, வண்டி நிமிர்ந்து நிற்கும்போதே பெரும்பாலும் முடித்துவிடவேண்டும். டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவே. அதன் பிடிப்பு நம் வீட்டு மாதச் சம்பளத்தைப் போன்றது. வாடகைக்குக் கொடுத்துவிட்ட ரூபாய் மளிகைக்கு ஆகாது. பிரேக்கிற்குச் செலவழித்த பிடிப்பு திரும்புவதற்கு ஆகாது. சம்பளத்திற்குமேல் செலவு செய்தால் கடன் வரும். பிடிப்பிற்குமேல் செலவு செய்தால் வண்டி விழும்.

தடத்தின் ஓரமெங்கும் தன்னார்வத் தொண்டர்கள் கொடிகளுடன் நிற்பார்கள். மஞ்சள் கொடி: அபாயம், முந்தாதே. நீலக் கொடி: உன்னைவிட விரைந்து வருபவன் பின்னால் இருக்கிறான். கறுப்புக் கொடி: நீ உடனே வெளியே வா. சிவப்புக் கொடி: பந்தயம் நின்றது. இவர்களுக்கு நாள் முழுதும் வெயில்தான் கூலி. ஆனால் எங்கள் உயிர் அவர்கள் கையில் இருந்தது.

1994-இல் எனக்கு முன் சென்ற வண்டியிலிருந்து எண்ணெய் சிந்தியது. என் முன்சக்கரம் வழுக்கியது. தார்மேல் நெடுந்தூரம் சறுக்கிச் சென்று மண்ணில் நின்றேன். தோல் உடை தேய்ந்தது. என் தோல் தேயவில்லை. நான் எழுந்து உட்காருமுன் மஞ்சள் கொடி விரிந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அனைவரும் வேகத்தைக் குறைத்து என்னைக் கடந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து என் தோள்பட்டை எலும்பு முறிந்ததென்று கட்டிட்டது. இதே விழுதல் நம் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் நேர்ந்திருந்தால்? பின்னால் வரும் லாரிக்கு மஞ்சள் கொடி காட்டுபவர் யார்? சாலைத் தடுப்பின் இரும்பு, மண் மேட்டைப்போல என்னை ஏற்றுக்கொண்டிருக்குமா?

என் தகப்பனார் இந்த விளையாட்டை வெறுத்தவர். ஆலைத் தொழிலாளியாக இங்கு வந்து, ஒற்றை அறையில் ஐவரை வளர்த்தவர் வெறுக்காமல் என்ன செய்வார்? 1992-இல் ஒருமுறை என்னுடன் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார். பந்தயத்தை அவர் பார்க்கவில்லை. கொடிக்காரர்களையும் மருத்துவரையும் மண் மேடுகளையுமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், "இங்கே நீ விழுந்தால் பார்ப்பதற்கு நூறு பேர் நிற்கிறார்கள். அங்கே நெடுஞ்சாலையில் உன்னை யாரடா பார்ப்பார்கள்?" என்று கேட்டார். பிறகு என்னைத் தடுக்கவில்லை. ஆனால் சாலையில் நான் விரைவதாகக் கேள்விப்பட்டால் வண்டியை விற்றுவிடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டார்.

தடம் முழுமையான காப்பு என்று நான் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டு 5-ஆம் நாள், அதே இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் பந்தயத்தில் ஓட்டிய பெங்களூருச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிர் நீத்தான். அவனுக்கு வயது பதின்மூன்று. அந்த வார இறுதியின் மற்றப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் உலகப் புகழ் பெற்ற மோட்டோ ஜி.பி. பந்தயம் முதன்முறையாக நம் நாட்டில் நடந்தது, நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டலின்போது நான் அந்தச் சிறுவனின் தாயை நினைத்தேன். அத்தனை காவல் இருந்தும் உயிர் போகுமாயின், ஒரு காவலும் இல்லாத தெருவில் என்ன ஆகும்? எத்தனை வயதில் ஒரு பிள்ளையைத் தடத்தில் இறக்கலாம் என்னும் வினாவிற்கு என் விடை இது: அஞ்சவும் தெரிந்த வயதில். அச்சம் அறியாத துணிவு துணிவன்று, அறியாமை.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். சுனாபட்டி என்றால் சுண்ணாம்புச் சூளை. சூளை இருந்த ஊரின் மேலே இன்று மேம்பாலங்கள் ஓடுகின்றன. 2019-இல் பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்தோடு நம்மை இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. பாலம் அகலமானால் பிள்ளைகளின் கை முறுக்குகிறது. இரவு பதினொரு மணிக்குமேல் நம் சன்னல்களில் கேட்கும் ஒலியை நீங்களும் கேட்கிறீர்கள். ஒரு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறான். நம் பழைய சால்களில் அது ஐந்து அறைகளின் நீளம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கிற்குப் போகுமுன் அந்த ஐந்து அறைகள் கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இது பந்தயக்காரனுக்கும் பால்காரனுக்கும் பொதுவான கணக்கு.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் 25,000 ரூபாய் தண்டமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெறலாம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுபவனுக்கு, முதல் முறை 5,000 ரூபாய் வரை தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படும். ஆனால் சட்டத்திற்கு அஞ்சியா நம் பிள்ளைகளைக் காக்க வேண்டும்?

தாய்மார்களே! பெரியோர்களே! தேர்வில் வென்றதற்குப் பரிசாகப் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி வாங்கும் நாளிலேயே நல்ல தலைக்கவசமும் வாங்குங்கள்; அதன் வாரை, அந்தச் சோதனை அதிகாரியைப்போல, உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள்.

இளைஞர்களே! உங்கள் நெஞ்சில் உள்ள வேக விருப்பத்தைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அது என் நெஞ்சிலும் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. பணம் சேருங்கள், பெற்றோரையும் அழைத்துச் சென்று தடத்தைக் காட்டுங்கள், முறைப்படி உரிமம் பெற்று ஓட்டுங்கள். ஒருமுறை தடத்தில் ஓட்டியவனுக்குத் தெருவில் விரைவதற்கு மனம் வராது. அங்கே வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று கொடி சொல்லும். இங்கே வளைவுக்கு அப்பால் பள்ளிவிட்டு வரும் நம் தங்கையும் இருக்கலாம்.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கோலப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடத்துகிறோம். அவற்றோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனிப் பிள்ளைகளின் வண்டிகளைச் சோதித்துத் தரும் முகாமையும் நடத்துவோம். பிரேக், டயர், சங்கிலி ஆகிய மூன்றையும் நானும் என் தொழில் நண்பர்களும் கூலியின்றிப் பார்த்துத் தருவோம். தமிழ் வளர்ப்பது சங்கத்தின் கடமை. அத்தமிழைப் பேசப்போகும் பிள்ளைகள் இரவில் நலமாக வீடு திரும்புவதைக் காப்பதும் அக்கடமையின் பகுதியே.