பண்டிகைக் காலமும் கைப்பேசிக் கள்வரும்



தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வருங்கால், வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களாகிய நமக்கு வேலைகளும் அடுக்கடுக்காய் வந்து சேர்கின்றன. ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் துணிமணி வாங்க வேண்டும். பெரியோருக்குப் பணம் அனுப்ப வேண்டும். முன்னாளில் இவற்றின் பொருட்டு ரயில் நிலையத்துக்கும், கடைத்தெருவுக்கும், அஞ்சல் நிலையத்துக்கும் நடந்தோம். இந்நாளில் எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகின்றன. கடைத்தெருவில் கூட்டம் கூடினால் முடிச்சவிழ்ப்போரும் கூடுவர் என்பது நாம் அறிந்ததே. கைப்பேசியாகிய கடைத்தெருவும் அதற்கு விலக்கன்று.

இத்தொல்லை கோலார் தங்கவயல் மக்களாகிய நம்மை நெருங்குவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்து, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்தனர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் பிள்ளைகள் பிழைப்பை நாடிப் பல ஊர்களுக்கும் சென்றனர். மாரிகுப்பத்தில் புறப்படும் ரயிலில் விடியுமுன் ஏறிப் பெங்களூரில் பாடுபட்டு இரவில் வீடு திரும்புவோர் பல்லாயிரவர். முதியோர் பலர் பழைய லைன் வீடுகளில் தனித்திருக்கின்றனர். இவ்வாறு பிரிந்து வாழும் குடும்பத்தைப் பிணைக்கும் கயிறு கைப்பேசியே. கள்வனும் அக்கயிற்றைப் பற்றியே வீட்டினுள் நுழைகின்றான்.

அவன் நுழையும் வழிகளைச் சற்று நோக்குவோம்.

‘பண்டிகைத் தள்ளுபடி’ என்று பெருங்கடையின் பெயரில் ஒரு செய்தி வருகிறது. அதைத் தொட்டால் போலிக் கடை ஒன்று திறக்கிறது. வாழ்த்து அட்டை என்றும் திருமண அழைப்பிதழ் என்றும் சொல்லி, ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்று வருகிறது. அதை ஏற்றிவிட்டால், நம் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்கள் அவன் பார்வைக்கும் எட்டிவிடும். ‘உமது பயணச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணைச் சொல்லும்’ என்று ஒருவன் பேசுகிறான். நாமே இணையவழி எடுத்த ரயில் சீட்டை ரத்து செய்தால், பணம் செலுத்திய கணக்குக்கே அது திரும்பி வரும். அதற்கென எவரும் நம்மிடம் ஓ.டி.பி. கேட்பதில்லை. இன்னொன்றையும் மனத்தில் இருத்துதல் வேண்டும். யு.பி.ஐ. வழியாக நமக்குப் பணம் வருவதற்கு நாம் இரகசிய எண்ணை அழுத்த வேண்டுவதில்லை. அழுத்தினால் பணம் போகுமேயன்றி வாராது.

இவற்றினும் கொடியது அச்சுறுத்தல். காவல் துறை அதிகாரி போல் உடையணிந்து திரையில் தோன்றி, ‘உம்மை டிஜிட்டல் முறையில் கைது செய்துள்ளோம்; எவரிடமும் பேசலாகாது’ என்று மிரட்டுவர். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதனை எடுத்துரைத்தார். ‘உம் மகன் விபத்தில் சிக்கினான்’ என்று அழைப்பதும் உண்டு. மகனின் குரலையே இயந்திரத்தால் போலியாக்கவும் இன்று இயலும். அயல் மாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ்க் குரல் கேட்டால் நெஞ்சு இளகும். கள்வனும் நன்றாகவே தமிழ் பேசுவான் என்பதை மறத்தலாகாது.

நம் இளைஞருக்கும் ஒரு சொல். ‘உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று வேலையற்ற பிள்ளைகளை அணுகுவோர் உளர். திருட்டுப் பணம் கைமாறுவதற்கே அக்கணக்கு வேண்டப்படுகிறது. விசாரணை வரும்போது காவலர் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவனைத்தான். ‘சுரங்கம் திறக்கிறது, வேலைக்குப் பதிவுக் கட்டணம் செலுத்துக’ என்று எவரேனும் செய்தி அனுப்பினாலும், ஒரு காசும் கட்டுமுன் உரிய அலுவலகத்தில் நேரில் கேட்டறிதல் நன்று.

இத்தனை சூழ்ச்சிக்கும் அடிப்படை ஒன்றே: அவசரம். ஆசை காட்டியோ அச்சம் ஊட்டியோ நம்மைச் சிந்திக்கவொட்டாமல் விரட்டுவதே கள்வனின் தொழில். இதற்கு மருந்து நம் முன்னோர் அறிந்த சுரங்க விதியிலேயே உள்ளது. வெடி வைத்தபின் புகை கலைந்து, பொறுப்பாளர் பார்த்துச் சொல்லும்வரை அவ்விடத்தில் எவரும் நுழையலாகாது. கைப்பேசியில் பணம் கேட்கும் குரல் எழுந்தால் அவ்வாறே இணைப்பைத் துண்டித்து, சற்றுப் பொறுத்து, நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் மகனையோ வங்கியையோ நாமே அழைத்துக் கேட்போம். பதறாத காரியம் சிதறாது.

பொறுமை வேண்டுவது பணம் போகுமுன். போனபின் வேண்டுவது விரைவு. எந்த மாநிலத்திலிருந்தாலும் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம். வங்கியின் பெயர், தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைச் சொன்னால், பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவும் வழியிலேயே அதை முடக்க முயல்வர். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம், கர்நாடகத்தில் இதற்கெனக் காவல் நிலையங்களும் உள்ளன. முதல் ஒரு மணி நேரத்தைக் காவல் துறையினர் ‘பொன்னான நேரம்’ என்பர். பொன்னின் அருமையைத் தங்கவயலாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமோ?

அந்நேரத்தைப் பெரும்பாலும் பாழாக்குவது வெட்கம். 2024-ஆம் ஆண்டில் இந்திய மக்கள் இத்தகைய மோசடிகளில் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஏமாந்தோருள் கற்றவரும் உளர். உயர் பதவியினரும் உளர். ஆகவே, ‘பிள்ளைகள் ஏசுவார்களே’ என்று அஞ்சி முதியோர் மறைக்கும் நிலை நம் வீடுகளில் இருத்தல் கூடாது. இப்பண்டிகைக்கு வீடு செல்லும் மக்கள், புத்தாடையோடு இன்னொன்றையும் கொண்டு செல்லட்டும். பெற்றோர் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து, 1930 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, ‘எது நேர்ந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் கோபிக்க மாட்டேன்’ என்று உறுதி கூறட்டும். பாடுபட்டுச் சேர்த்த பொருளுக்கு அதனினும் வலிய பூட்டு வேறில்லை.