விழுந்த மரத்துக்கு யார் பொறுப்பு?



தெற்கு ஸ்வீடனில் காடு பெரும்பாலும் குடும்பச் சொத்து. ஐம்பது ஹெக்டேர் காடு வைத்திருக்கும் ஒருவர், பாட்டனோ அப்பாவோ நட்ட ஸ்புரூஸ் மரத்தை அறுபது, எழுபது ஆண்டு கழித்து வெட்டி விற்கிறார். வாங்க வரும் ஆலையோ அன்றாடம் மரம் வாங்கிப் பழகியது. தனி ஆளாக நின்று அதனிடம் என்ன பேரம் பேச முடியும்? அதற்காகத்தான் 1938-இல் ‘சோத்ரா’ என்ற வன உரிமையாளர் சங்கம் தோன்றியது. இன்று சுமார் 50,000 உறுப்பினர்கள். அறுவை ஆலைகளும் காகிதக்கூழ் ஆலைகளும் சங்கத்துக்கே சொந்தம்.

விலை பேசுவதோடு வேலை முடிந்தால் ஒரு நல்ல தரகர் போதும். 2005 ஜனவரி 8-ஆம் தேதி இரவு ‘குத்ரூன்’ புயல் வீசியபோது தரகரால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. ஒரே இரவில் சாய்ந்தது சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம். நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் மரத்துக்கு ஏறக்குறைய ஈடு. விலை சரிந்தது.

விழுந்த ஸ்புரூஸை அப்படியே விட்டால், கோடையில் பட்டை வண்டு அதில் பெருகி, நிற்கிற மரங்களையும் தாக்கும். எடுப்பதும் எளிதல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வில்லாக வளைந்து கிடக்கும் மரம், ரம்பம் பட்டதும் விசையோடு எகிறி அடிக்கும். வேரோடு பெயர்ந்து நிற்கும் அடிக்கட்டை, தண்டை அறுத்த நொடியில் சரிந்து குழிக்குள் திரும்பும். புயல் ஓய்ந்த பிறகு இந்த வேலையில் பலர் உயிரிழந்தார்கள். வெளியூர்களிலிருந்து இயந்திரங்களையும் பழகிய ஆட்களையும் வரவழைக்க வேண்டும். எந்தக் காட்டை முதலில் சுத்தம் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். எடுத்த மரத்தை அடுக்கி, வெடிக்காமலும் வண்டு ஏறாமலும் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பீஹோல்மா என்ற பழைய விமானத் தளத்தில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் கன மீட்டர் மரம் இப்படி மலைபோல் அடுக்கப்பட்டது. ஐம்பது ஹெக்டேர்காரர் தனியாக இதில் எதைச் செய்வார்? சங்கத்தின் அருமை எனக்குத் தெரிவது இங்கேதான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். புயலில் அதிகம் விழுந்தது ஸ்புரூஸ். மறுபடி நட்டதும் பெரும்பாலும் ஸ்புரூஸே. அகன்ற இலை மரங்களைக் கலந்து நட அரசு உதவி கொடுத்தும் பலர் கேட்கவில்லை. இளங்கன்றுகளை மூஸ் மான் மேய்ந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஆலைகளும் ஸ்புரூஸைத்தான் கேட்கின்றன. 2007 ஜனவரியில் ‘பேர்’ என்ற இன்னொரு புயல் வந்து மறுபடியும் காட்டைச் சாய்த்தது. ஆலைக்கும் காட்டுக்கும் சேர்த்தே பொறுப்பேற்ற சங்கம், மரங்களைக் கலந்து நடும்படி உறுப்பினர்களிடம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். உறுப்பினர்களும் சங்கத்திடம் இதைக் கேட்டு வலியுறுத்தலாம். அது கூட்டுறவுச் சங்கம். பத்து ஹெக்டேர்காரருக்கும் ஆயிரம் ஹெக்டேர்காரருக்கும் ஒரே ஒரு வாக்குதான்.