மணி அடிக்க ஒருவர் வேண்டும்



பேரிடர் என்றால் அது வேறு நாட்டுச் செய்தி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பூகம்பம் ஜப்பானுக்கு, புயல் வங்காளத்துக்கு. நமக்கு வெறும் மழை வெள்ளம், அதுவும் இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று ஒரு நிம்மதி. நமது பேராக் மாநிலத்தின் கதை அப்படி நிம்மதி தருவதாக இல்லை. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பேராக் ஆறு கரைபுரண்டு ஊர்களை மூழ்கடித்தது. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் ஈப்போ குனோங் சீரோ குன்றிலிருந்து பெரும் பாறை பெயர்ந்து, அடிவாரத்துக் குடியிருப்பின்மேல் விழுந்து பல உயிர்களைக் குடித்தது. தைப்பூசத்துக்கு நாம் காவடியோடு கூடுகிறோமே, அதே குன்றுதான். பின்னர் 1996 ஆகஸ்டு 29ஆம் தேதி, கம்பாருக்கு அருகில் போஸ் டிப்பாங் என்னும் பூர்வகுடி மக்களின் கிராமத்தில், மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கிவந்த வெள்ளம் 44 பேரைக் கொண்டுபோயிற்று.

பாறையும் சேறும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எந்த இலாகாவின் வண்டியும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வந்து சேர முடியாது. முதலில் ஓடிவருகிறவர் அடுத்த வீட்டுக்காரர்தான். அவருக்கு என்ன தெரியும் என்பதே அப்போது கேள்வி.

முன்பு தோட்டங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பெரட்டுக் களத்தில் மணி இருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் அது அடித்தால் லயம் முழுவதும் வெளியே வந்துவிடும். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது கங்காணிக்கு மனப்பாடம். காயத்துக்குக் கட்டுப்போட டிரஸர், பிள்ளைகளைக் காக்க ஆயாக் கொட்டகை. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மணி நம் நலனுக்காகத் தொங்கவிடப்பட்டதன்று. வேலை வாங்குவதற்காகத் தொங்கவிடப்பட்டது. ஆனாலும் ஆபத்துக் காலத்தில் அது பயன்பட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நம் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறின. மணி போனதை யாரும் ஒரு நஷ்டமாகக் கணக்கில் எழுதவில்லை. இன்று நள்ளிரவில் நீர் ஏறினால், நம்மை எழுப்புவது யார்?

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்த காலையில், புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சுமத்திராவின் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் ஊருக்குள் நுழைகிறது என்றார்கள். எல்லாரும் ஓடுங்கள் என்றார் அவர். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அமைத்த அறிவு மையம் இருந்தது. அங்கே ஒலிபெருக்கி இருந்தது. மீன்பிடி நிலவரமும் அலையின் உயரமும் அதில்தான் நாள்தோறும் அறிவிக்கப்பட்டு வந்தன. மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் எச்சரிக்கை செய்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் தப்பியது. ஒலிபெருக்கி வாங்கி வைத்திருந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. அதில் ஒலிக்கும் குரலை மக்கள் முன்பே நம்பப் பழகியிருந்தார்கள்.

வங்காளதேசம் இதையே கடலோரம் முழுவதற்கும் செய்தது. 1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். அதன்பிறகு கிராமத்துக்குக் கிராமம் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்து, கொடியும் ஒலிபெருக்கியும் கொடுத்துப் பழக்கினார்கள். புகலிடங்களும் கட்டினார்கள். 2007ஆம் ஆண்டின் கடும் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துயரந்தான். ஆனால் முன்னைய கணக்கோடு வைத்துப் பாருங்கள். இன்று அங்குள்ள எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள்.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்டர் படை என்றதும் நாம் வாட்டசாட்டமான இளைஞர்களின் பெயரை எழுதிவிடுகிறோம். வேலை நாளில், பகல் இரண்டு மணிக்கு, அந்த இளைஞர்கள் எங்கே இருப்பார்கள்? தொழிற்சாலையில் இருப்பார்கள், அல்லது சிங்கப்பூரில் இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் தாய்மார்களும் ஓய்வுபெற்ற பெரியவர்களும். பயிற்சி அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை கணக்கெடுப்பு. பத்து வீட்டுக்கு ஒருவர் போதும். பெரும்பாலும் ஓர் அக்காவுக்கு இந்தத் தகவலெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். எழுந்து நடக்க முடியாத தாத்தா எந்த அறையில் படுத்திருக்கிறார்? காது கேளாதவர் யார்? நிறைமாதக் கர்ப்பிணி யார்? இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் போகிறவர் யார்? சாலை மூழ்கினால் அவருக்கு வெள்ளத்தைவிட அதுவே பெரிய ஆபத்து. இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்தால், மின்சாரம் போன இரண்டாம் நாள் அது வெறும் பெட்டி.

அடுத்தது நீர். வெள்ளத்தில் ஒருவர் அடித்துச் செல்லப்படும்போது, அவருக்காகக் குதிக்கிறவரும் சேர்ந்து போய்விடும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஓடுகின்ற நீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஆளைத் தள்ளிவிடும். ஆகவே குதிக்க வேண்டாம், எறியுங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய்ப் போத்தல் காலியானதும் எறிந்துவிடாதீர்கள். எடைக்காகச் சிறிது நீர் விட்டு, மூடியை இறுக மூடி, கைப்பிடியில் பதினைந்து மீட்டர் கயிற்றைக் கட்டுங்கள். எறிபவர் தரையில் படுத்தோ உட்கார்ந்தோ இழுக்க வேண்டும்; நின்று இழுத்தால் அவரும் உள்ளே. இதைத் திடலில் எறிந்து பழகுங்கள். முதல் நாள் போத்தல் எங்கெங்கோ விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாலாவது வாரம் குறி தப்பாது.

நீர் வாசலுக்கு வருமுன்பே மின்சார மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஈரக் கையோடு, நீரில் நின்றுகொண்டு அதைத் தொடக்கூடாது. தீப்புண்ணுக்குப் பற்பசையும் கிச்சாப்பும் பூசுவதை விட்டுவிட்டு, இருபது நிமிடம் குழாய் நீரைப் பாய்ச்சுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுகக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை ஆகியவை இவற்றை முறையாகக் கற்றுக்கொடுக்கின்றன. ஆலய நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ அவர்களை அழைத்தால் நல்லது.

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் எண் ஒன்றுதான், 999. சிக்கல் அதற்குப் பிறகே. இடம் எது என்று கேட்டால், தாத்தா காலத்துத் தோட்டப் பெயரைச் சொல்கிறோம். அந்தப் பெயர்ப்பலகை அங்கே இப்போது இல்லை. சாலையின் பெயர், அருகிலுள்ள பள்ளி, திரும்ப வேண்டிய சந்திப்பு ஆகியவற்றை மலாய் மொழியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். சந்திப்பில் விளக்கோடு நிற்க ஒருவரை இப்போதே குறித்துவிடுங்கள்.

நமது பக்கத்தில் தீபாவளியை ஒட்டிய மாதங்களிலும் சித்திரையிலும் மழை வலுக்கும். அதற்கு முன்பு, ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை வேண்டும். மணியோ, விசிலோ, கோவில் ஒலிபெருக்கியோ, எது நம் அடையாள ஓசை என்று கூடிப்பேசி முடிவு செய்து, அதை வேறு காரியத்துக்கு அடிக்காதீர்கள். நோட்டில் ஒவ்வொரு தொண்டரின் பெயருக்கு எதிரிலும் இன்னொரு பெயரை எழுதுங்கள். இங்கே வீடு மாறாதவர் யார்? கயிற்றையும் போத்தலையும் எல்லாருக்கும் தெரியும்படி வெளிச்சுவரில் தொங்கவிடுங்கள். பண்டசாலையில் வைத்துப் பூட்ட வேண்டாம். நல்லவாட்டில் கதவை உடைக்க ஆள் இருந்தார்கள். நம் ஊரில் சாவி வைத்திருப்பவர் அன்றைக்கென்று ஈப்போவுக்குப் போயிருப்பார்.