சேணத்தில் ஏறுமுன் லாயத்தில் பழகட்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேக்காவை அடுத்த ரேஸ்கோர்ஸ் சாலைக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகாத சிங்கப்பூர்த் தமிழர் அரிது. அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பிள்ளைகளைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். 1843ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் நடந்த திடல் அந்தப் பக்கத்தில்தான், இன்றைய ஃபேரர் பார்க் வட்டாரத்தில் இருந்தது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. 1999இல் கிராஞ்சிக்குப் போனது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்தது. 180 ஆண்டுகளுக்கும் மேலான ஒரு வழக்கம் அன்றோடு நின்றது. மலேசியாவிலும் பந்தயத் திடல் இடம் மாறியிருக்கிறது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் குதிரைகள் ஓடின.

பந்தயம் ஒழிந்தது நல்லதே என்பவர்கள் உண்டு. குதிரைமேல் பணம் கட்டிக் குடும்பத்தைத் தொருவில் நிறுத்தியவர்களின் கதை நம் சமூகத்துக்குப் புதிதன்று. அதில் வாதம் இல்லை. ஆனால் பந்தயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. அது, குதிரையைத் தெரிந்த மனிதர்களின் அறிவு.

மலாயாவில் குதிரைக்காரரை 'சைஸ்' என்று அழைப்பார்கள். பாவியான் தீவிலிருந்து வந்தவர்களும் இந்தியர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தார்கள். விடியுமுன் எழுந்து லாயத்தைக் கூட்டி, வைக்கோலை மாற்றி, குதிரையின் கால்களைத் தடவிப் பார்ப்பார்கள். எந்தக் காலில் சூடு இருக்கிறது என்று கையாலேயே கண்டுபிடிப்பார்கள். சூடு என்றால் உள்ளே வீக்கம். அன்றைக்கு அந்தக் குதிரைக்கு ஓய்வு. அவர்கள் புத்தகம் எழுதவில்லை, சான்றிதழும் வாங்கவில்லை. தந்தையிடமும் மாமாவிடமும் பார்த்துப் பழகியதுதான்.

இன்று குதிரையோடு பழகும் வாய்ப்பு, குதிரையேற்றம் கற்கும் இளையர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. சிங்கப்பூர் போலோ கிளப் 1886இல் தொடங்கியது. புக்கிட் தீமா சேடல் கிளப் 1951இல், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு ஒரு மறுவாழ்வு தேடி உருவானது. ஆக, இங்கே குதிரையேற்றத்துக்கு நீண்ட மரபு இருக்கிறது. கட்டணம் குறைவான வகுப்புதான் குதிரைக் கொம்பு!

கட்டணம் கட்டிய பிள்ளை என்ன கற்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பல நாடுகளிலும் காணக்கூடிய ஒரு காட்சி இது. பிள்ளை காரில் வந்து இறங்குகிறது. குதிரை குளித்து, சேணம் பூட்டி, கடிவாளம் மாட்டித் தயாராக நிற்கிறது. பிள்ளை ஏறுகிறது, அரை மணி நேரம் வட்டமாகச் சுற்றுகிறது, இறங்குகிறது. கடிவாள வாரை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கைப்பேசிப் படத்தோடு வீட்டுக்குப் போகிறது. ஹோட்டல் வாசலில் காரின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்தப் பிள்ளை குதிரையில் பயணம் செய்திருக்கிறது, அவ்வளவே.

பாண்டியர் வாங்கிய குதிரைகள்

இது புதிய குறையும் அன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள் என்கிறார். ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்க்க ஆளும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை விற்ற வணிகர்களோ, அந்த வித்தை தெரிந்தவர்களை அங்கே போகவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! வெளிநாட்டுப் பயணி சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் ஏறி ஓட்டத் தெரிந்த நாட்டில் வளர்க்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்தச் செய்தி காட்டுகிறது.

மகாபாரதத்தில் நகுலன் விராட மன்னனின் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் சேர்ந்தான். அரச குமாரன் லாயத்தில் நின்றதை அந்தக் கதை இழிவாகச் சொல்லவில்லை.

லாயத்தில் என்ன பாடம்?

முதல் பாடம், குதிரையை எப்படி நெருங்குவது என்பது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. அதனால் தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குத் தெரியாத இடங்கள் உண்டு. அங்கிருந்து ஒரு பிள்ளை திடீரென்று தொட்டால் குதிரை உதைக்கும். கெட்ட எண்ணத்தால் உதைப்பதில்லை. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த பிராணியின் அச்சம் அது. ஆகவே பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே, தோள் பக்கமாக நெருங்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள ஒன்றின் அருகில் நிற்கிறோம் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

இழுத்துச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கையும் கூடவே போகும். கட்டி வைக்கும் முடிச்சு, ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். காலணிக்குச் சிறிய குதிகால் வேண்டும். இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது. இவற்றைப் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே நாளில் கற்றுவிடலாம். கற்றதைத் தவறாமல் ஒவ்வொரு நாளும் செய்வதில்தான் பிள்ளையின் பொறுப்பு வளர்கிறது.

அடுத்து காது. முன்னோக்கி நிமிர்ந்த காது, எதையோ கவனிக்கிறது. பிடரியோடு ஒட்டிப் பின்னால் படுத்த காது, 'என்னிடம் வராதே' என்கிறது. பின்னங்கால் ஒன்றை மடக்கி, உதட்டைத் தளரவிட்டு நிற்கும் குதிரை நிம்மதியாக இருக்கிறது. வாயில்லாப் பிராணி என்கிறோம். ஆனால் அது உடம்பு முழுவதாலும் பேசுகிறது.

குளம்பைச் சுத்தம் செய்வது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. குதிரையின் வால் பக்கம் பார்த்து நின்று, காலைத் தூக்கி, குதிகாலிலிருந்து முனையை நோக்கி மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும். நடுவில் முக்கோண வடிவில் மென்மையான பகுதி ஒன்று இருக்கும். அங்கே கருவி குத்தக் கூடாது. ஈரமான லாயத்தில் நின்றால் அந்த இடம் அழுகி நாற்றமடிக்கும். நம் ஊர் மழைக்கு இது முக்கியமான பாடம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வந்து குளம்பைச் செதுக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அன்பு ஆபத்தாகிறது. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சிறியது. நாளில் பெரும்பகுதி நேரம் அது புல்லையோ வைக்கோலையோ மென்றுகொண்டே இருக்க வேண்டும். தானியத்தை ஒரே நேரத்தில் கொட்டிக் கொடுத்தால் வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மனிதனுக்கு வந்தால் ஓமத் தண்ணீரோடு போய்விடும் வயிற்று வலி, குதிரையின் உயிரையே வாங்கிவிடும். பாசத்தோடு ரொட்டியையும் மிட்டாயையும் நீட்டும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற குளிர்ந்த நாடுகளிலிருந்து வெப்ப நாட்டுக்கு வரும் குதிரைகளில் சில, கொஞ்ச காலத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. வியர்க்காத குதிரை உடம்பின் சூட்டை வெளியேற்ற முடியாமல் மூச்சு வாங்கும். அதைத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் நிறுத்திக் குளிரவைக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகே வெளியே கொண்டுவர வேண்டும். சவாரி முடிந்ததும் தோலில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் பிள்ளை, ஒரு நோயை முதலில் கண்டுபிடிக்கும் ஆளாகவும் இருக்கலாம்.

ஒலிம்பிக்கில் நடந்தது

இதெல்லாம் வேலைக்காரர் பார்த்துக்கொள்வார், பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தோக்கியோவில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். நவீன ஐந்திறப் போட்டியில் வீரர்கள் அதற்கு முன் ஏறியிராத குதிரையைக் குலுக்கலில் பெறுவார்கள். பழகிக்கொள்ள 20 நிமிடம்தான் நேரம். முன்னிலையில் இருந்த ஜெர்மன் வீராங்கனை ஆனிக்கா ஷ்லோய்க்கு செயின்ட் பாய் என்ற குதிரை கிடைத்தது. முன்பு வேறொரு வீராங்கனையிடமே முரண்டு பிடித்திருந்த குதிரை அது. தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சவுக்கை வீசினார். பயிற்றுநர் வேலிக்கு அப்பாலிருந்து குதிரையைக் கையால் குத்தினார்; அந்தப் பயிற்றுநர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. விளைவு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே எடுக்கப்பட்டது. அந்த வீராங்கனையைத் திட்டுவது எளிது. முன்பின் தெரியாத குதிரையை 20 நிமிடத்தில் கருவிபோல் இயக்கலாம் என்று நினைத்த விதியைத்தான் முதலில் குறை சொல்ல வேண்டும்.

அதே தோக்கியோவில் சிங்கப்பூரின் கேரலின் சியூ, ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் கலந்துகொண்ட முதல் சிங்கப்பூரர் என்ற பெருமையோடு களம் இறங்கினார். குதிரையின் வாயில் இரத்தம் தெரிந்ததால் விதிப்படி விலக்கப்பட்டார். எத்தனை ஆண்டு உழைப்பு! வருத்தமான முடிவுதான். ஆனாலும் அந்த விதி சரியான விதி. குதிரை 'வலிக்கிறது' என்று சொல்லி நடுவரிடம் முறையிட முடியாதல்லவா?

பிரிட்டனில் 1929இல் தொடங்கிய 'போனி கிளப்' இயக்கம் இதை முதலிலேயே உணர்ந்திருந்தது. அங்கே பிள்ளைகள் படிப்படியாக எழுதும் தேர்வுகளில் சவாரியோடு குதிரைப் பராமரிப்பும் உண்டு. நன்றாக ஓட்டினால் மட்டும் போதாது.

பந்தயத்தை விட்ட குதிரை

ஒரு குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழக்கூடியது. பந்தயக் குதிரை இரண்டு, மூன்று வயதில் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளில் ஓய்வுபெறுகிறது. மீதி ஆயுள் எங்கே போகும்? சில குதிரைகள் சவாரிப் பள்ளிக்கு வருகின்றன. இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பந்தயக் குதிரைகள் பல, வாரை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்து வேகமாக ஓடப் பழகியவை. பயந்துபோன பிள்ளை நிறுத்துவதற்காக வாரை இறுக்கும். குதிரை இன்னும் வேகமாகப் போகும். யார்மீதும் குற்றமில்லை, இரண்டும் வேறு வேறு பாடம் படித்தவை. ஆகையால் பொறுமையாக மறுபயிற்சி பெறாத பந்தயக் குதிரையில் புதிதாகப் படிக்கும் பிள்ளையை ஏற்றுவது தவறு. மறுபயிற்சி பெற்ற குதிரையோ பிள்ளைக்கு நல்ல ஆசிரியராகிவிடும்.

குதிரையை ஆசிரியர் என்று சொல்வது வெறும் உபசார வார்த்தை அன்று. குதிரை நடக்கும்போது அதன் முதுகின் அசைவு, ஏறியிருப்பவரின் இடுப்பை மனிதர் நடப்பதைப்போலவே அசைக்கிறது. நடக்கச் சிரமப்படும் பிள்ளையின் உடம்பு அந்த அசைவில் சமநிலை கற்கிறது. இதற்காகவே உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றச் சங்கம் 1982இல் சிங்கப்பூரில் அமைந்தது. சிங்கப்பூரில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த லாரன்ஷியா டான், பெருமூளை வாதத்தோடும் செவிக்குறையோடும் ஐந்து வயதில் சிகிச்சைக்காகக் குதிரை ஏறினார். 2008ஆம் ஆண்டு பாராலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்று, சிங்கப்பூருக்கு அந்தப் போட்டிகளில் முதல் பதக்கத்தைத் தேடித் தந்தார். 2012இல் லண்டனில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். இசைக்கேற்பக் குதிரையை நடத்தும் போட்டியில், இசையைக் காதால் கேட்க முடியாத ஒருவர் வெள்ளி வாங்குகிறார் என்றால், குதிரையின் அடியையும் தாளத்தையும் தம் உடம்பால் எவ்வளவு கூர்ந்து உணர்ந்திருப்பார்!

பிள்ளையைக் குதிரையேற்ற வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், பணம் கட்டுமுன் ஒரு நாள் காலையில் சும்மா போய் லாயத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். தண்ணீர் வாளி சுத்தமாக இருக்கிறதா? சேணம் பட்ட இடத்தில் புண் இருக்கிறதா? ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறது, அதற்கு ஓய்வு நாள் உண்டா? பிள்ளைகள் தாங்களே குதிரையைத் தேய்த்துவிட்டுச் சேணம் பூட்ட விடுகிறார்களா? வயதான குதிரையை என்ன செய்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், வேறு இடம் பார்ப்பது நல்லது.

முடிந்தால், அங்கே வேலை செய்யும் குதிரைக்காரரிடமும் பத்து நிமிடம் பேசட்டும். எந்தக் குதிரை குடையைக் கண்டால் மிரளும், எதற்கு இடது காலில் பழைய காயம், எது பிள்ளைகளிடம் பொறுமையாக நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.