காலை உணவும் ஊர்த் தாய்மாரும்



நம் மலையோரத்தில் பால்வெட்டுக்குப் போகும் பெற்றோர் விடியுமுன்பே ரப்பர் தோட்டத்தில் இருப்பார்கள். பிள்ளை தானே எழுந்து புறப்படும். பல நாள் வெறும் வயிற்றோடுதான். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இத்தகைய பிள்ளைகளுக்கானது. அது 2024 ஜூலை 15 முதல் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது, அத்தகைய பள்ளிகள் மிகுந்த குமரிக்குப் பெரிய செய்தி.

உப்புமா, பொங்கல் பற்றி நான் பேசவரவில்லை. சமைப்பவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர், அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் அப்பா கடலுக்குப் போய் நாளாயிற்று, எந்தப் பிள்ளை பாட்டி வீட்டில் தங்கியிருக்கிறது என்பதெல்லாம் நமக்கு முன்பே அவருக்குத் தெரியும். மணி அடிக்குமுன் சமையலறை வாசலில் ஐந்து நிமிடம் நின்று, "இன்னைக்கு யாரு சரியாச் சாப்பிடல்ல அக்கா?" என்று கேளுங்கள். திங்கட்கிழமை இரண்டு முறை வாங்கிச் சாப்பிடும் பிள்ளைக்கு ஞாயிறு எப்படிக் கழிந்தது என்பதையும் விசாரியுங்கள்.

திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பு ஆசிரியர்களும் அந்த அக்காவைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

அவர் சொல்வதை வகுப்பில் பேசவேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் சொல்லாமல் உதவி கேட்கலாம். அடி, துன்புறுத்தல் என்று தெரிந்தால் மட்டும் குழு கூடும்வரை காத்திராமல், அன்றே 1098ஐ அழையுங்கள்.