உலைக்கு முந்திய கைப்பிடி



மார்கழிக் குளிரில் கூடியிருக்கும் நம் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவில், கிறிஸ்து பிறப்பின் பொருளைப் பற்றியும் கிறிஸ்தவ வாழ்வில் ஈகைக்குரிய இடத்தைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தமிழால் ஒரு குடும்பமாகி அமர்ந்திருக்கிற சபையில் இதைப் பேசக் கிடைத்ததை என் பாக்கியமாகவே கருதுகிறேன்.

கிறிஸ்து பிறப்பு என்றவுடன் நம் நினைவில் முந்தி வந்து நிற்பவை, கீழ்த்திசையிலிருந்து வந்த ஞானிகள் பாலகன் முன் வைத்த பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமுமே. மத்தேயுவின் சுவிசேஷத்தில் காணும் அந்தக் காணிக்கை அரசர்களுக்கு ஏற்றது. லூக்காவின் சுவிசேஷத்திலோ வேறொரு காணிக்கை சொல்லப்படுகிறது; வாழ்த்து அட்டைகளில் அதைக் காண்பது அரிது. குழந்தை பிறந்து சுத்திகரிப்பின் நாட்கள் நிறைவேறியபின், மரியாளும் யோசேப்பும் எருசலேம் தேவாலயத்துக்குச் சென்று ஒரு ஜோடிப் பறவைகளைச் செலுத்தினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். மோசேயின் நியாயப்பிரமாணம் அந்தச் சமயத்தில் கேட்டது ஆட்டுக்குட்டியை. ஆட்டுக்குட்டி வாங்கச் சக்தியற்றவர்களுக்கு மட்டுமே இரண்டு புறாக்கள் போதும் என்று அது இரக்கம் காட்டியிருந்தது. உலகமெங்கும் கோடானுகோடி மக்கள் கொண்டாடுகிற ஒரு ஜனனத்தை ஒட்டிப் பெற்றோர் தேவாலயத்தில் செலுத்திய காணிக்கை, ஏழைகளுக்கென்றே விதிக்கப்பட்ட காணிக்கையாக இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் உருகுகிறது.

இந்த ஜனனத்தின் தத்துவத்தைப் பவுல் அப்போஸ்தலர் ஒரே வாக்கியத்தில் அடக்கியிருக்கிறார். செல்வமெல்லாம் உடையவர் நம் பொருட்டு வறுமையை மேற்கொண்டார் என்பதே அதன் கருத்து. அவ்வளவு பெரிய வாக்கியத்தை அவர் எந்த இடத்தில் எழுதினார் என்பதை நாம் போதிய சிரத்தையோடு கவனிப்பதில்லை. எருசலேமில் வாடிய சகோதரர்களுக்காகச் சபைகள்தோறும் பொருள் திரட்டிவந்த அவர், அந்தச் சகாய நிதி விஷயமாகக் கொரிந்து பட்டணத்தாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நடுவே, கொடிய தரித்திரத்தில் இருந்தும் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்த மக்கெதோனியா நாட்டுச் சபைகளைப் புகழ்ந்துவிட்டு, அடுத்தபடியாக இதை எழுதுகிறார். அவதாரமாகிய மகா ரகசியமும் காணிக்கைத் தட்டும் அவர் கண்ணுக்கு இரண்டு விஷயங்களாகத் தோன்றவில்லை. கிறிஸ்தவனுக்கு ஈகை என்பது பண்டிகையை ஒட்டி வருகிற ஓர் அலங்காரமாக இராமல், பண்டிகையின் உட்பொருளாகவே ஆனது இதனால்தான் என்பது என் துணிபு.

இந்தத் தத்துவம் நம் நாட்டில் எவ்வாறு அடுப்படி வரையில் வந்து சேர்ந்தது என்பதை இனிச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசி என்ற ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத் தாய் அன்றைய சமையலுக்கு வேண்டிய அரிசியை அளந்து, புடைத்து, களைந்து உலையில் இடுவதற்கு முன்னே, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைத்திருக்கும் கலயத்தில் போடுவாள். நாள்தோறும் அவ்வாறு சேர்ந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்கும் தர்மத்துக்கும் பயன்படும். அந்தப் பிடியை எடுக்கிறவள் பனையேறியின் மனைவியாக இருக்கலாம். பீடி சுற்றிப் பிழைக்கும் விதவையாக இருக்கலாம். உலையில் விழும் அரிசி வீட்டாருக்கே போதாத நாளாகவும் அது இருக்கலாம். உண்டு மீந்ததை வழித்துக் கொடுப்பதற்கும், உண்ணுமுன் எடுத்து வைப்பதற்கும் உள்ள தூரத்தை எந்தப் பிரசங்கியையும்விட அந்தத் தாய் நன்றாக அறிவாள். அறுப்பின் பண்டிகை நாளில் அவளே முதல் வாழைத்தாரையோ ஒரு கோழியையோ கருப்பட்டியையோ கொண்டுவந்து கொடுக்க, ஆலய வளாகத்தில் அவை ஏலம் போகும்.

இத்தகைய சிறு காணிக்கைகளின் வலிமையை நம்பிப் பெருங்காரியம் தொடங்கியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ஆம் ஆண்டில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1902இல் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தமக்கென்று ஒரு சங்கம் கண்டு, தங்கள் சொந்தப் பணத்தால் கடல் கடந்து தமிழகத்திற்கு ஊழியர்களை அனுப்பிவந்ததைக் கண்டார். பிறருடைய பொருளைப் பெற்றே வளர்ந்த சபை தானும் பிறருக்குக் கொடுக்கக் கூடும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மறு ஆண்டிலேயே, 1903 பிப்ரவரி 12இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் தோன்றியது. இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் விரதம். ஈழத்துத் தமிழர் கொடுத்த முன்மாதிரி நெல்லைத் தமிழரை எழுப்பிற்று என்பதைக் கடல் கடந்து வாழும் நீங்கள் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும்.

அந்தச் சங்கம் தன் கொடையை உற்றார் உறவினருக்குள்ளே முடக்கிக்கொள்ளாமல், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் சீமைக்கு ஆட்களை அனுப்பியது. அசரியாவும் அங்கே சென்று குடியேறி, 1912 டிசம்பர் 29ஆம் நாள், கிறிஸ்துமஸ் கழிந்த நான்காம் நாளில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அங்கே அவர் எழுப்பிய பேராலயம் பல்லாண்டு உழைப்பில் மெல்ல வளர்ந்து, ஞானிகள் பாலகனைத் தரிசித்த திருநாளாகிய ஜனவரி 6இல், 1939ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பரம ஏழைகளான கிராமத்துச் சபைகளுக்கும் கொடுக்கும் கடமையையும் அதன் ஆனந்தத்தையும் அவர் போதித்தார். ஏழையிடம் கேட்பது இரக்கமற்ற செயல் என்று நினைப்பவர் உண்டு. கொடுக்கும் கௌரவத்தை அவனுக்கு மறுப்பதே அதனினும் பெரிய இரக்கமின்மை என்று நான் சொல்லுவேன்.

இன்று நம்மிடையே கிறிஸ்துமஸ் கொடை எந்த நிலையில் இருக்கிறது? பெரும்பாலும் நமக்குத் திருப்பித் தரக்கூடியவர்களுக்கே தருகிறோம். ஆலயத்துக்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறக்கையில் நம் பெயரை எழுதி வைக்கிறோம். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற கருத்தைப் போதித்தவரின் பிறந்த நாளிலே இப்படி நடப்பது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

ஆகையால் உங்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுச் செலவைப் பட்டியல் போடும்போது, புத்தாடைக்கும் பலகாரத்துக்கும் முன்பாக, முதல் வரியில் பிறருக்கான பங்கை எழுதுங்கள். அதைப் பெயர் சொல்லாமல் கொடுங்கள். இந்த நகரத்துக்குப் புதிதாகப் படிக்க வந்து தனியறையில் பண்டிகையைக் கழிக்கப்போகிற பிள்ளைகள் நம் சங்கத்தாருக்குத் தெரியாதவர்கள் அல்லர். அவர்களில் ஒருவரையேனும், அவர் எந்தச் சமயத்தவராயினும், அன்று உங்கள் வீட்டுப் பந்திக்கு நீங்களே நேரில் சென்று அழைத்து வாருங்கள்.