அறிவெனும் அமானிதம்



அன்புக்குரிய பெற்றோர்களே, இளைஞர்களே!

தொழுகை யார் மீது கடமை என்று கேட்டால், பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள முஸ்லிம் மீது என்று மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் விடை சொல்வான். ஆக, கடமைகளுக்கு முன்னரே அறிவு நிபந்தனையாக நிற்கின்றது. அந்த அறிவை மயக்குவதாலேயே மது ஹராமாக்கப்பட்டது. மதுவைத் தொடாத நாம், வேறு பழக்கங்களால் மூளையைப் பாழாக்கினால் அமானிதத்தைப் பேணியவர்களாவோமா?

மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான அது, உடலின் சக்தியில் ஐந்திலொரு பங்கைச் செலவிடுகின்றது. முதுமையில் வரும் மறதி நோயை விதி என்று மட்டும் எண்ணிச் சும்மா இருந்துவிட முடியாது. 2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ ஆணைக்குழு, அந்நோய்க்கு வழிகோலும் 14 காரணிகளை எடுத்துரைத்தது. அவற்றை முற்றாக நீக்கினால், ஏறத்தாழ 45 சதவீதமானவர்களில் நோயைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என அது மதிப்பிட்டது. உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், உடலுழைப்பின்மை, தலைக்காயம், தனிமை, செவிப்புலன் குறைவு ஆகியன அவற்றுட் சில.

இளைஞர்களே! இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். இன்று அந்த வீண் பேச்சு கையடக்கத் தொலைபேசி வழியாகப் படுக்கைக்கே வந்துவிட்டது. பகலில் கற்றதை மூளை உறக்கத்திலேதான் நிலைநிறுத்துகின்றது. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. நள்ளிரவு தாண்டி விழித்திருப்பவருக்கு ஸுப்ஹும் தவறுகின்றது. பாடமும் மனதில் நிற்பதில்லை. பெற்றோரே, பிள்ளையின் தொலைபேசியை வாங்கி வைக்குமுன் உங்களுடையதை வையுங்கள்.

உருத்திரபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில், இரணைமடு நீர் பாயும் வாய்க்கால் ஓரமாக நடப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாட்கள் விரைந்து நடந்தால் போதுமானது. கடைக்கும் பள்ளிவாசலுக்கும் அருகேதானே என்று தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். ஒரு கணத்து விபத்து, ஓர் ஆயுளின் அறிவைப் பறித்துவிடக்கூடும்.

தாய்மாரே! உப்பையும் சீனியையும் குறையுங்கள். உயர் குருதி அழுத்தம் பெரும்பாலும் நோவின்றியே உடலைத் தின்னும். ஆகவே, நோவு வரட்டும் என்றிராமல் அரச வைத்தியசாலையில் அளந்து பாருங்கள். வைத்தியர் தந்த மருந்தை இடைநடுவில் நிறுத்தாதீர்கள்.

இறுதியாக, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் சுமந்த துயரம் பெரிது. அதனை இன்றும் நெஞ்சிலே தாங்கியபடி தனித்திருக்கும் மூத்தோர் நம்மிடையே உளர். அவர்களிடம் சென்று ஸலாம் சொல்லுங்கள். அயல்வீட்டுத் தமிழ்ப் பெரியவரிடமும் நலம் விசாரியுங்கள். அவர்களின் பழைய கதைகளைப் பொறுமையோடு கேளுங்கள். காது மந்தமானவரை ஏளனஞ் செய்யாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் ஸதகாவாகும்.

தெளிந்த அறிவோடு வாழ்ந்து, ஈமானோடு மீளும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.